ராத்திரிப் பாட்டு ஆல்பம்: ஏழில் ஐந்து முடிந்தது

சொந்தமாக எழுதி மெட்டமைத்த 7 பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து முதல் ஆல்பமாகக் கொண்டுவர வேண்டும் என்று உட்கார்ந்து 4 மாதம் ஆகிறது. எல்லாமே சோகப் பாட்டு, எல்லாமே இரவு 11 மணிக்கு மேல் பாடியவை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் கவித்துவம் ஒன்றும் கிடையாது, எனக்கு அப்போதுதான் ஓய்வு.

வீட்டில் எல்லோரும் தூங்குவதால் குரலை அடக்கித்தான் பாட முடியும். முதலில் அது பெரிய எரிச்சலாக இருந்தது. ஒரு விடுமுறை நாளில், ஆள் இல்லாத பகலில், முதல் பாட்டை வாய் திறந்து முழுக்குரலில் மறுபடி பாடிப் பார்த்தேன். கேட்டால் ஒப்பாரி. ஒப்பாரியிலாவது உண்மை இருக்கும், இது நானாகவே வரவழைத்துக்கொண்ட அழுகை. பகல் டேக்கை அழித்துவிட்டு இரவு டேக்கையே வைத்துக்கொண்டேன். அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் 1982 ஆல்பம் 'நெப்ராஸ்கா'வும் இப்படித்தான். வீட்டில் 4 டிராக் கேசட்டில் பதிந்த டெமோக்களை இசைக்குழுவோடு மறுபடி வாசித்துப் பார்த்தும் சரிவராமல், கடைசியில் அந்தக் கேசட் பதிவையே வெளியிட்டார்கள். இதை அன்றைக்கு நினைத்துக்கொண்டு கொஞ்சம் தைரியம் வந்தது.

மெல்லப் பாடுவதில் வேறு தலைவலி இருக்கிறது. மைக்கை வாயருகே, நாலு விரல் தூரத்தில் வைத்தேன். என்னுடையது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கிற கார்டியாய்ட் மைக். அதில் நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும், அதனால் யாரோ காதோடு பேசுகிற மாதிரி ஒரு நெருக்கம் தானாகவே கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு 'ப'வும் டொப் டொப் என்று வெடித்தது. பிரிவு, பயணம், பழசு, பனி என்று சோகப் பாட்டுக்காரனுக்குக் கிடைக்கிற சொல்லெல்லாம் 'ப'விலா ஆரம்பிக்க வேண்டும்? வாய்க்காற்றைத் தடுக்கிற பாப் ஃபில்டர் போட்டும் முழுசாகப் போகவில்லை, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பியதும்தான் அடங்கியது. அப்புறம் குரல் சின்னது என்று கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெரிதாக்கும் அளவை, ஏற்றினால் ஃபேன், ஃபிரிட்ஜ், சுவர்க் கடிகாரம் எல்லாம் கோரஸ் பாடுகின்றன. ஃபேனை நிறுத்தினேன், கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன், ஃபிரிட்ஜ் ஓய்கிற இடைவெளிக்குக் காத்திருந்து வியர்க்க வியர்க்கப் பாடினேன். சின்னச் சத்தத்தையும் தெளிவாகப் பிடிக்கிற 24 பிட் டிஜிட்டலில் பதிவதால், உச்சம் மைனஸ் 12 டெசிபல், அதாவது ஒலி உடைகிற எல்லைக்கு 12 டெசிபல் கீழே, வந்தாலே தாராளம், அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை என்பது மூன்றாவது பாட்டில்தான் உறைத்தது. அந்தப் பாட்டில் நாற்காலி ஒரு இடத்தில் முனகும். நல்ல இடத்தில் முனகியதால் விட்டுவிட்டேன்.

சரி, ஐந்தும் முடிந்ததே என்று போன வாரம் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். மூன்றாவதிலேயே கொட்டாவி! மெட்ரோனோம் எண்களைப் பார்த்தால் ஐந்தும் நிமிடத்துக்கு 64க்கும் 70க்கும் நடுவிலான தட்டுகள், அதிலும் நாலு பாட்டு சிவரஞ்சனி ராகத்தின் ஸ்வரங்களிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. சோகம் என்றதும் கை தானாக அங்கே போயிருக்கிறது. நாலாவது பாட்டில் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, மட்டும் சாதாரணத்திலிருந்து ஒரு படி மேலே உள்ள அந்தரத்துக்கு ஏற்றினேன். அந்த ஒரு ஸ்வரம் மாறினால் சிவரஞ்சனி, மலர்ச்சியான மோகன ராகம் ஆகிவிடும், கிட்டாரில் மைனர் கார்டு மேஜராகும். வரிகளைத் தொடவில்லை. பிரிந்து போனவளைப் பற்றிய அதே வரிகளை மோகனத்தில் பாடியபோது, சிரித்துக்கொண்டே சொல்கிறவனைப் பார்க்கிற சங்கடம் வந்தது. ஐந்தில் இப்போது எனக்குப் பிடித்தது இதுதான்.

மிக்ஸிங்கை மட்டும் காலைக்கு மாற்றிவிட்டேன். நள்ளிரவில் களைத்த காதோடு ஹெட்ஃபோனில் செய்தபோது குரலுக்குச் சேர்த்த ரிவெர்ப், அதாவது எதிரொலி, அழகாகத் தெரிந்தது, விடிந்ததும் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறேன். முக்கால்வாசியைக் குறைத்தாயிற்று.

ஆறாவதற்கு இரண்டாம் சரணம் இன்னும் வரவில்லை. ஏழாவது, ஒரு நாள் 2.40 மணிக்குப் பாதித் தூக்கத்தில் ஃபோனில் முனகி வைத்தது. என்ன சொல் பாடினேன் என்று எனக்கே புரியவில்லை, ஆனால் மெட்டு நன்றாக இருக்கிறது. வரி எழுதாமல் அந்த முனகலையே கடைசிப் பாட்டாக வைத்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.