தொடாத அரே ஏன் மெமரியை விட்டுப் போகவில்லை

போன மாதம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு நோட் சர்வரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். காலையில் ரீஸ்டார்ட் செய்தால் மெமரி 150 எம்பி, மாலைக்குள் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். மெமரியில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்து, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அரேக்கள் (தரவுப் பட்டியல்கள்) எல்லாம், ஏதாவது ஈவென்ட் நடந்தால் ஓடுகிற ஒரு குட்டி ஹேண்ட்லர் ஃபங்ஷனில் போய் நின்றன. அந்த ஃபங்ஷனோ ஒரே ஒரு ஐடியைத்தான் படிக்கிறது, அரேயின் பெயர்கூட அதற்குள் இல்லை!

தான் பிறந்த இடத்து வேரியபிள்களையும் கூடவே வைத்திருக்கும் ஃபங்ஷனுக்குத்தான் க்ளோஷர் என்று பெயர். அது பிடித்துக்கொள்வது மதிப்பை அல்ல, வேரியபிளையே. மூன்று சுற்று லூப்பில் எண்ணுகிற வேரியபிளை 'வார்' போட்டு அறிவித்து, செட்டைம்அவுட் வைத்து அதைக் கொஞ்சம் கழித்து அச்சிட்டால் 0, 1, 2 வராமல் 3, 3, 3 என்று வருவது இதனால்தான். 2015-இல் வந்த 'லெட்' ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் தருகிறது. கோ மொழி இதே மாற்றத்தை 2024 பிப்ரவரியில், 1.22 வெர்ஷனில்தான் கொண்டுவந்தது.

சரி, அரே எப்படி மாட்டியது? உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு ஃபங்ஷன் தொடுகிற வேரியபிள்களை, நோடை ஓட்டும் வி8 எஞ்சின், ஃபங்ஷன் முடிந்ததும் காலியாகும் ஸ்டாக்கில் வைக்காமல், யாராவது பிடித்திருக்கும்வரை நிற்கும் ஹீப்பில் 'கான்டெக்ஸ்ட்' என்ற ஆப்ஜெக்ட்டில் வைக்கிறது, அந்த ஸ்கோப்பில் (அந்த வேரியபிள்கள் செல்லுபடியாகும் பகுதியில்) பிறக்கும் எல்லா ஃபங்ஷன்களுக்கும் அந்த ஒரே கான்டெக்ஸ்ட்தான். என் கோடில் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தன. ஒன்று அரேயைக் கூட்டி மொத்தம் சொல்லிவிட்டு அப்போதே போய்விடும். இன்னொன்றுதான் அந்த ஹேண்ட்லர், ஈவென்ட் லிசனராகப் பதிவாகி, கழற்ற ஆளில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அது உயிரோடு இருக்கும்வரை கான்டெக்ஸ்டும் இருக்கும், அதற்குள் அரேயும் இருக்கும். கூட்டுகிற வேலையைத் தனி ஃபங்ஷனாக இல்லாமல் சாதாரண லூப்பாக எழுதியிருந்தால் அரே கான்டெக்ஸ்டுக்குள்ளேயே போயிருக்காது.

இந்த விஷயத்தில் எனக்கு சி++ முறைதான் பிடிக்கும், எதைப் பிடிக்கிறோம் என்று சதுர அடைப்புக்குள் நாமே எழுதிக்கொடுக்கலாம். ஜாவாவின் லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) உள்ளூர் வேரியபிளின் மதிப்பை மட்டும் நகலெடுக்கும், அதனால்தான் அதை அப்புறம் மாற்றக்கூடாது என்கிறது.

ஹேண்ட்லரை உருவாக்குகிற வேலையை வெளியே ஒரு தனி ஃபங்ஷனுக்கு மாற்றி, ஐடியை மட்டும் அனுப்பினேன். வேலை முடிந்ததும் லிசனரைக் கழற்றவும் ஒரு வரி சேர்த்தேன். இப்போது மாலையிலும் 180 எம்பிக்குள்தான் நிற்கிறது.