கூடுதலாக ஒரு பொட்டலம்

ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறினால் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கட்டிக்கொள் என்பாள் அம்மா. இந்தத் தடவை கேட்கவில்லை. அனுபவித்தேன்.

மானாமதுரை தாண்டினால் ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டிக்கு வழிவிட்டுப் பரமக்குடியில் நின்றோம். அப்புறம் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில், கருவேலங்காட்டைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம். பேன்ட்ரி கிடையாது. டீக்காரர் மானாமதுரையிலேயே இறங்கிவிட்டார், விவரமான மனுஷன்.

எதிர் சீட்டு அக்கா பொட்டலத்தைப் பிரித்தார். வாழை இலையில் இட்லி. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறி ஓரமெல்லாம் சிவந்திருந்தது. "சாப்பிடுங்க தம்பி, வண்டி போறப்ப போகட்டும்." வெட்கமே படாமல் நாலு வாங்கிக்கொண்டேன்.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியபிறகு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தவன் நான். அதனாலோ என்னவோ, முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. கப்பலுக்காக மேலே தூக்கும் அந்த 72.5 மீட்டர் துண்டை வண்டி கடந்தபோது எண்ணெய்க் கையோடு ஜன்னலில்தான் இருந்தேன்.

இரண்டே கால் மணி நேரம் லேட். ஸ்டேஷன் வாசலில் அம்மாவின் போன்: "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். யார் கட்டிக்கொடுத்தது என்று சொல்லவில்லை.