வண்டி யோசிக்குது: ஒரு பழைய டர்போ டீசலின் நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

அப்பாவை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போனேன். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி வேறு வண்டி ஆகிவிட்டது. வளைவில் இரண்டாவது கியர், 1500 ஆர்பிஎம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை அசைவே இல்லை. 2600 தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாய்கிறது. எதிரே பேருந்து இறங்கி வரும் வளைவில் அந்த மூன்று வினாடி ரொம்ப நீளம்.

"என்ன கண்ணு, வண்டி யோசிக்குது?" என்றார் அப்பா.

2005-இல் அவர் வாங்கிய செடான். 1.9 லிட்டர் டர்போ டீசல், 90 குதிரைத்திறன். டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. இதன் 210 நியூட்டன் மீட்டர் இழுவை 1900 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிட வேண்டும். இந்த இன்ஜினின் பெருமையே அதுதான். அதைத்தான் இப்போது காணவில்லை.

ஜூன் 10, திங்கள்

நகரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ போயிடுச்சு மேடம், மாத்திடலாம்" என்றார்கள். பானெட்டைத் திறக்கவே இல்லை. நான் எஸ்டிமேட் கேட்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தைச் செத்துப்போனதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 15, சனி

மலிவானதில் இருந்து தொடங்கினேன். டீசல் ஃபில்டர் புதிது போட்டேன். ஏர் ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது. ஓட்டிப் பார்த்தால் அதே யோசனை.

அடுத்து டர்போவின் வாய்க்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, விசிறியின் நடுநுனியை விரலால் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கிறது. அது இருக்கலாம், ஏனென்றால் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கத்தான் செய்யப்பட்டிருக்கிறது. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் அசையவில்லை. இறக்கைகள் உறையில் உரசிய தடம் இல்லை. குழாயில் லேசான எண்ணெய் ஈரம் மட்டும். இந்த டர்போ சாகவில்லை.

இன்னொன்றும் குறித்துக்கொண்டேன். காலையில் முதல் பத்து நிமிடம் வண்டி நன்றாக இழுக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் தயக்கம்.

ஜூன் 16, ஞாயிறு

லேப்டாப்பை இணைத்தேன். பி1556 என்று ஒரு பிழைக் குறியீடு. இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, விடக் கிடைத்தது குறைவு என்று பொருள்.

குறியீடு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. ஆகவே முதலில் சென்சாரையே சோதித்தேன். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினால் பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். 960 மில்லிபார் காட்டியது. சென்சார் பொய் சொல்லவில்லை.

விடிகாலையில் நீலாம்பூர் பைபாஸ் காலியாக இருந்தது. தம்பி லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள, மூன்றாவது கியரில் 1500-இல் இருந்து 3500 வரை முழு மிதி. சூடு ஏறும் முன் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போயின. சூடான பிறகு, 2000 ஆர்பிஎம்மில் கம்ப்யூட்டர் கேட்டது 1980 மில்லிபார், கிடைத்தது 1350. 2800-க்கு மேல் இரண்டும் சேர்ந்துகொண்டன.

வீட்டுக்கு வந்து, கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று திரையில் வரைந்திருந்த அந்த இரண்டு கோடுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டீசல் பற்றாக்குறை என்றால் கேட்ட பூஸ்ட் ஓரளவாவது வந்திருக்கும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கிழிந்திருந்தால் அழுத்தம் கூடக்கூட ஒழுக்கும் கூடியிருக்கும், மேலே போய்ச் சேர்ந்திருக்காது. காற்றின் அளவைச் சொல்லும் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டும் ஓட்டினேன், வித்தியாசம் இல்லை. கீழே வராத பூஸ்ட் மேலே வருகிறது என்றால் சந்தேகம் டர்போவின் வேன்கள், அதாவது புகை வரும் வழியில் திறந்து மூடும் சின்னத் தகடுகள், மேல்தான் போகிறது.

அவற்றின் வேலை எளிது. தோட்டத்து ஓஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிறதே, அதுதான். புகை குறைவாக வரும் நேரத்தில் வேன்கள் மூடி வழியைக் குறுக்குகின்றன, அதே புகை வேகமாகப் பாய்ந்து விசிறியைச் சுற்றுகிறது. மூடச் சொல்லி இழுப்பது ஒரு கம்பி. கம்பியை இழுப்பது வேக்கும், அதாவது வெற்றிடத்தின் உறிஞ்சல், அதை வாங்கி இழுக்கும் டப்பாவுக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். எவ்வளவு வேக்கும் என்று தீர்மானிப்பது என்75 என்ற, மின்சாரத்தில் இயங்கும் சின்ன சோலனாய்டு வால்வு. இந்த வரிசையில் எங்கோ கை தளர்ந்திருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

வேலை முடிந்து சிங்காநல்லூர் பட்டறை அண்ணனிடம் போனேன். கையால் அடிக்கும் வேக்கும் பம்ப் அவரிடம் இருக்கிறது. லேப்டாப்பில் இருந்த கோடுகளைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "டர்போவைத் தொடாதீங்க அம்மிணி. மொதல்ல கம்பியைப் பாப்போம்."

பம்ப்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டி அடித்தார். பாதரசக் கணக்கில் 4 அங்குல வேக்குமில் கம்பி நகரத் தொடங்கியது, 18-இல் முட்டி நின்றது, நடுவில் எங்கும் திக்கவில்லை. பம்ப் மீட்டரின் முள் ஐந்து நிமிடம் இருந்த இடத்திலேயே நின்றது, ஒழுக்கு இல்லை. ஆக்சுவேட்டரும் நல்லது, வேன்களில் கரியும் அடைக்கவில்லை.

பிறகு பம்ப்பை வால்வு பக்கத்து நுனிக்கு மாற்றினார். இப்போது நடுவில், வால்விலிருந்து ஆக்சுவேட்டருக்கு வரும் ஓஸும் இருக்கிறது. முள் நின்றது. எனக்கு ஏமாற்றம். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஓஸ் முழுக்கக் கையை ஓட்டி, இன்ஜினுக்குப் பின்னால் அது வளையும் இடத்தில் விரலால் லேசாக மடக்கினார். முள் சர்ரென்று விழுந்தது. விட்டார், அடித்தார், மடக்கினார். மறுபடி விழுந்தது.

அந்தத் துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். மேலே நூல் பின்னல் முழுசாக, கறுப்பாக, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. நகத்தால் பின்னலை உரித்தேன். உள்ளே ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளங்கையில் உதிர்ந்தது. ஏறக்குறைய இருபது வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர். ஆறியிருக்கும்போது விரிசல் வாய் மூடிக்கிடக்கும். சூடேறி ரப்பர் தளர்ந்ததும் திறந்துகொள்ளும். காலை பத்து நிமிடக் கணக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஒண்ணு போச்சுன்னா கூடப் பொறந்ததெல்லாம் அதே வயசுதானுங்களே" என்றார். எல்லா வேக்கும் ஓஸையும் மாற்ற முடிவு.

ஜூன் 22, சனி

சுவர் தடித்த சிலிக்கான் ஓஸ் 4 மீட்டர், 640 ரூபாய். மெல்லியது வாங்கினால் வேக்குமில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கானை டீசல் ரிட்டர்ன் குழாய்க்குப் போடக் கூடாது, டீசல் பட்டால் ஊறிப்போகும். ஒவ்வொன்றாகக் கழற்றி அதே நீளத்துக்கு வெட்டி மாட்டினேன். மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே என்று தெரியாமல் போய்விடும். மூன்று மணி நேரம் ஆனது.

பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, நன்றாகச் சூடாக்கி, பைபாஸில் அதே சோதனை. 2000 ஆர்பிஎம்மில் கேட்டது 1980, கிடைத்தது 1960. தம்பி உரக்கப் படித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

மறுபடி கோத்தகிரி, அப்பாவுடன். அதே வளைவு, அதே இரண்டாவது கியர். மிதித்ததும் இழுத்தது. டர்போவின் மெல்லிய சீட்டிச் சத்தமும் திரும்பிவிட்டது. அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மேலே நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தேன். 820 மில்லிபார். மலை மேல் காற்றழுத்தம் குறைவு, சென்சார் அதையும் சரியாகச் சொல்கிறது.

பி1556 திரும்ப வரவில்லை. புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வழியில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அடுத்த மாதம் திறந்து பார்க்க வேண்டும். மிச்சமான ஓஸ் அரை மீட்டர் டேஷ்போர்டில் கிடக்கிறது. இறங்கும்போது, வர்க்கி வாங்கிய பையை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா சாவியைக் கேட்டார்.