ஃபான்டானுக்குப் போகுமுன் பழைய ஆபரேஷன் நோட்டைக் கையில் வாங்கிவிடுங்கள்

இதயத்தில் ஒரே கீழறையோடு பிறந்த நாலு வயது மகளுக்கு ஃபான்டான் என்ற இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 78 சதவீதத்திலிருந்து 93-க்கு ஏறியிருக்கிறது. பிறந்ததிலிருந்து நீலம் பாரித்திருந்த நகங்கள் சிவந்திருக்கின்றன.

ஆனால் அதற்கு முன் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கைக்குழந்தையில் கிளென் (ஃபான்டானுக்கு முந்தைய கட்ட ஆபரேஷன்) செய்தது ஒரு மருத்துவமனை, ஃபான்டானுக்குப் போனது வேறு ஊர். அங்கே டாக்டர் முதலில் கேட்டதே கிளென் ஆபரேஷன் நோட்டும் பழைய கேத் (இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தம் பார்க்கும் சோதனை) சிடியும்தான். எங்களுக்கு அன்று கொடுத்திருந்தது வெறும் டிஸ்சார்ஜ் சம்மரி. ராத்திரி பஸ் பிடித்துப் பழைய இடத்துக்குப் போனால், ரெக்கார்ட் பிரிவில் இருந்தவர் தலைகூட நிமிரவில்லை. "பழைய ஃபைலெல்லாம் குடோன்ல இருக்கு, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, போன் பண்ணுவோம்." போன் வரவேயில்லை. மறுபடி போய் நின்றபோது, அப்போது வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு, கூடவே வந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

ஃபான்டானுக்குப் பிறகு அசுத்த ரத்தம் பம்ப் இல்லாமல் நேராக நுரையீரலுக்குப் போக வேண்டும். அங்கே அழுத்தம் கூடியிருந்தால் ஓடாது. பழைய அளவையும் புது கேத் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே டாக்டர் தேதி கொடுத்தார்.

காப்பீடு, அட்மிஷன், ஐசியூ எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. இழுத்தடித்தது நெஞ்சில் சேரும் நீரை வெளியேற்றப் போட்ட டிரெய்ன் குழாய்தான். நெஞ்சுக் குழாயில் வந்த நீர் ஒருநாள் பாலாக வெளுத்ததும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. நிணநீர்க் கசிவு, இந்த ஆபரேஷனில் வரக்கூடியதுதான் என்றார்கள். அது குறைய, அப்புறம் கொழுப்பில்லாத சாப்பாடு: தாளிக்காத ரசம், கொழுப்பு நீக்கிய பால். நெய் கேட்டு அழுதாள். வாரக்கணக்கில் தங்க வேண்டி வரலாம், மாற்றாள் ஒருவரைச் சொல்லி வைத்துக்கொண்டு போங்கள்.

"சரியாகிவிட்டாளா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருப்பது ஒரே கீழறைதான், அது மாறவில்லை. பிரான்சில் பிரான்சிஸ் ஃபான்டான் 1968-ல் முதலில் செய்ததற்குப் பிறகு முறை எவ்வளவோ மாறிவிட்டது. இன்று பெரும்பாலான பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஆனாலும் கல்லீரலையும் இதயத்துடிப்பையும் ஆயுசுக்கும் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவதானாலும் முதலில் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி பேதி வந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும், வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். முகமோ காலோ வீங்கினால் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புரதம் குடல் வழியே வெளியேறுவது அதில்தான் பிடிபடும்.