அப்பாவின் பணத்தை அரசுக் கடன் பத்திரத்தில் போட்ட அனுபவம்

ஓய்வு பெற்றபோது அப்பாவுக்கு வந்த தொகை முழுவதும் ஒரே வங்கியில் எஃப்.டி.யாகக் கிடந்தது. வங்கி முடங்கினால் பணம் தரும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான். அதற்கு மேல் இருந்த பணத்துக்காகத்தான் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் பக்கம் போனோம். தனிநபர்கள் அரசுக் கடன் பத்திரங்களை நேரடியாக வாங்க 2021 நவம்பரில் வந்த வசதி அது. கணக்குக்குக் கட்டணம் கிடையாது, 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம்.

பான், ஆதார், சேமிப்புக் கணக்கு, மொபைல் எண், மின்னஞ்சல் இருந்தால் போதும். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல் ஒரு தலைவலி. பான் கார்டில் தாத்தா பெயர் முழுதாக இருக்கிறது, வங்கிக் கணக்கிலோ வெறும் ஓர் எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நின்றுவிட்டது. கிளைக்குப் போய்ப் பதிவை மாற்றிய பிறகுதான் வேலை நகர்ந்தது. விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் வீடியோ கேஒய்சி, அதாவது வீடியோ அழைப்பில் அடையாளச் சரிபார்ப்பு. பான் கார்டைக் கேமராவுக்கு நேரே பிடித்தால் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு எண் தெரியவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. அம்மாவை நாமினியாகப் போட்டோம்.

முதலில் வாங்கியது 364 நாள் டி-பில் (ட்ரெஷரி பில்), அதாவது மத்திய அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம். ஏலம் புதன்கிழமை. நாம் விலை சொல்லவே வேண்டாம், எவ்வளவுக்கு வேண்டும் என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் போட்டி போட்டு வாங்கிய சராசரி விலையே நமக்கும். சாதாரணக் குடும்பத்துக்கு அதே விலை கிடைப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. 100 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொன்றையும் 100 ரூபாய்க்குக் கீழே வாங்கி, முதிர்வில் 100 ரூபாயாகப் பெறுகிறோம், அந்த வித்தியாசம்தான் வருமானம்.

அடுத்து, தமிழ்நாடு அரசின் 10 ஆண்டுப் பத்திரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி நேராகச் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. வட்டிக்கு வருமான வரி உண்டு.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். முதிர்வு வரை வைத்திருந்தால் அசல் முழுதாக வரும். நடுவில் விற்றால் அன்றைய சந்தை விலைதான், வட்டி விகிதம் ஏறினால் பத்திர விலை இறங்கும். சின்னத் தொகையை வாங்க உடனே ஆள் கிடைப்பதும் உறுதியில்லை. அதனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தை, 5 லட்சத்துக்குள், எஃப்.டி.யிலேயே விட்டுவைத்திருக்கிறோம்.