கம்பனியிடமே நேரடியாகக் கார் வாங்கலாமா? ஹட்டனிலிருந்து ஓர் அனுபவம்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மறுபடி திறந்தார்கள். அதுவரை எங்கள் பக்கம் பத்து வருடம் ஓடிய ஆல்டோவுக்குக்கூட, வாங்கிய விலையை விடக் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஹட்டனில் சின்ன ஹார்ட்வெயார் கடை. மனைவி தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். இறக்குமதி திறந்தது என்று செய்தி வந்த அன்றே வீட்டில் கார்ப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"நேரடியாக" என்ற எண்ணத்தைத் தலையில் போட்டது மனைவியின் தம்பி. அவன் கனடாவில், டொரொன்டோவில் இருக்கிறான். டெஸ்லா வாங்கிய கதையைச் சொன்னான்: "போன்லயே ஆர்டர் போட்டேன் மச்சான். விலை பேசுற வேலையே இல்ல. வரச் சொன்ன நாள்ல போய் எடுத்துட்டு வந்தேன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்தால் அமெரிக்காவிலேயே எல்லா மாநிலத்திலும் இது நடக்காது. டெக்சஸில் டெஸ்லாவுக்கு ஆஸ்டின் நகரில் தொழிற்சாலையே இருக்கிறது. ஆனால் அந்த மாநிலச் சட்டம், கார் செய்கிற கம்பனி தானே கார் விற்கக் கூடாது, டீலர் மூலம்தான் விற்க வேண்டும் என்கிறது. அதனால் அங்குள்ளவர்கள் ஷோரூமுக்குப் போய் வாங்க முடியாமல் இணையத்தில் ஆர்டர் போடுகிறார்கள். 2024 டிசம்பரில் அமேசானில் ஹூண்டாய் கார் விற்க ஆரம்பித்தார்கள் அல்லவா, அதிலும் பட்டனை அழுத்தினால் காரைக் கொடுப்பது உள்ளூர் டீலர்தான்.

இருந்தாலும் கேட்பதில் என்ன நட்டம் என்று ஜப்பான் கம்பனி ஒன்றுக்கு மின்னஞ்சல் போட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது: உங்கள் நாட்டு விநியோகஸ்தரைத் தொடர்புகொள்ளவும். கார்க் கம்பனிகள் பொதுவாக ஒரு நாட்டுக்கு ஓர் ஏஜென்டை வைத்து, விற்பனை, உதிரிப்பாகம், வாரண்டி எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிடுகின்றன. நம் நாட்டில் கம்பனிக்கு மிக நெருக்கம் என்றால் டொயோட்டா லங்காவைச் சொல்லலாம். அதன் சொந்தக்காரர் டொயோட்டா சூஷோ. அதுவும் டொயோட்டா குழுமத்தின் வணிக நிறுவனமே தவிர, கார் செய்கிற கம்பனி இல்லை.

ஆக மிஞ்சியது மூன்று வழி. ஏஜென்டிடம் பிராண்ட் நியூ, கார் சேல்களில், அதாவது வாகன விற்பனை நிலையங்களில், நிற்கிற ஜப்பான் ரீகண்டிஷன் (அங்கே ஓடிய பழைய கார்), அல்லது ஜப்பான் ஏலத்திலிருந்து நம் பெயரிலேயே இறக்குவது. ஊரில் "டிரெக்டா எடுக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் இந்த மூன்றாவதைத்தான் சொல்கிறார்கள். நானும் இதில் கொஞ்ச தூரம் போனேன்.

ஜப்பானில் உள்ள ஏற்றுமதியாளர் வட்ஸ்அப்பில் ஏலச் சீட்டு அனுப்புவார், அதாவது ஏலத்துக்கு வரும் காரைப் பரிசோதித்து எழுதிய அறிக்கை. அதை வாசிக்கப் பழகியது எனக்குப் பிடித்த வேலை. சீட்டில் ஒரு காரை மேலிருந்து பார்த்த மாதிரிப் படம் இருக்கும். அதன் மேல் ஏ1, யு2, டபிள்யு2 என்று கிறுக்கியிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யு என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். மூலையில் தரம்: 4, 4.5, 5 என்று. புதுசுக்குக் கிட்ட என்றால் எஸ். ஆர் என்று கண்டால் அடிபட்டுத் திருத்திய வண்டி, பேசாமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். சேலில் பளபளவென்று நிற்கிற வண்டிக்கும் இப்படி ஒரு சீட்டு எங்கோ இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறினால் புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் வங்கி. கடன் கடிதம், அதாவது எல்சி (விற்கிறவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கிற உறுதி), திறக்காமல் வாகனம் இறக்க முடியாது. கார் என்றால் வயது மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், ஓர் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு வாகனம்தான். வந்த வாகனத்தை 90 நாளுக்குள் பதியாவிட்டால், மாதத்துக்கு 3 சதவீதம் என்று அபராதம் ஏறும். வங்கியில் இருந்த இளைஞர் நல்ல பிள்ளை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "அண்ணே, எல்சி திறந்த பிறகு யென் ஏறினாலும், கப்பல் வர்றதுக்குள்ள வரி மாறினாலும் அது உங்க பாடு. இந்தப் பக்கம் வந்து எங்கள ஏசக் கூடாது."

கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரியைப் போட்டுப் பார்த்தேன். காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து 100 ரூபா என்று வையுங்கள். அப்போது, 2025இல், சுங்கத் தீர்வை 20. அந்த இருபதின் மேல் 50 சதவீத மேலதிகக் கட்டணம், அதாவது இன்னும் 10. அதோடு எஞ்சின் சிசி கணக்கில் கலால் வரி. மின்சாரக் கார் என்றால் சிசிக்குப் பதிலாக மோட்டாரின் கிலோவோட். இவ்வளவையும் கூட்டி வருகிற தொகையின் மேல் 18 சதவீத வற், அதாவது பெறுமதி சேர் வரி. பெறுமதி ஒரு வரம்பைத் தாண்டினால் சொகுசு வரி வேறு. வரிக்கும் வரி கட்டுகிற நாடு இது.

இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு விஷயம் தெளிவானது. வரி எனக்கும் அதே முறைதான், ஏஜென்டுக்கும் அதே முறைதான். நானே இறக்கினால் மிச்சமாவது சேல்காரரின் லாபம். ஏஜென்டோடு ஒப்பிட்டால் அதுகூட நிச்சயமில்லை, ஏனென்றால் அவர் தொழிற்சாலை விலைக்கு மொத்தமாக எடுக்கிறார், நான் ஏலத்தில் ஒற்றைக் காரை எடுக்கிறேன். இடையில் ஆளே இல்லையா என்றால், ஏற்றுமதியாளர், பரிசோதனை நிறுவனம், வங்கி, ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வண்டியை எடுத்துத் தருகிற கிளியரிங் ஏஜென்ட், பிறகு பதிவு செய்து தருகிறவர் என்று வரிசையாக நிற்கிறார்கள். ஷோரூமில் ஒரே விலைக்குள் அடங்கிக் கிடக்கிற கூலி, இங்கே தனித்தனி பில்லாக வருகிறது. அவ்வளவுதான். பில்லைப் பார்த்தால்தான் நித்திரை வரும் என்கிற ஆட்களுக்கு இந்த வழி நல்லது. கொழும்பில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மனைவி வேறு கணக்குப் போட்டார். "ஏங்க, நடுவழியில நின்னுச்சுன்னா ஜப்பான்காரன் கினிகத்தேனைக்கு வருவானா?" என்று கேட்டார். கூடவே, ஜப்பானில் ஓடுவதற்கென்று செய்த கார்களில் மெனு எல்லாம் ஜப்பான் எழுத்து. ரேடியோவும் 76இலிருந்து 90 அல்லது 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் எஃப்எம் பாதிக்குமேல் அதற்கு அப்பால் இருக்கிறது, தனியாக ஒரு கருவி பூட்ட வேண்டும். இது சின்ன விஷயம்தான். வாரண்டி சின்ன விஷயம் இல்லை. வேறு வழியில் வந்த காருக்கு இங்குள்ள ஏஜென்ட் பொறுப்பெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, ஏஜென்ட் என்று முடிவானது. கண்டி ஷோரூமுக்குப் போனோம். 1000 சிசிக்கு உட்பட்ட சின்னக் கார். விற்பனைப் பையன் "சேர், இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா இந்த விலை" என்று ஆரம்பித்தார். நான் முற்பதிவுப் படிவத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில், டொலர் விலையோ அரசாங்க வரியோ மாறினால் விலையும் மாறும் என்று இருந்தது. அப்படியென்றால் "இந்த விலை" எதுவரைக்கும்? காரை நாட்டுக்குள் இறக்கி வரியும் கட்டியாகிவிட்டதா, அல்லது இனித்தான் வரப்போகிறதா என்று கேட்டேன். இறங்கிவிட்டது என்றால் சேசி இலக்கத்தை, அதாவது அந்தக் காருக்கே உரிய அடையாள இலக்கத்தை, எழுதித் தாருங்கள் என்றேன். பையன் மேனேஜரைக் கூட்டிவந்தார். ஏற்கெனவே இறங்கிய காரில் ஒன்றை ஒதுக்கி, சேசி இலக்கத்தையும் விலை மாறாது என்பதையும் கடிதத் தலைப்பில் எழுதித் தந்த பிறகுதான் அட்வான்ஸ் கட்டினேன். நான் கேட்ட நிறம் கிடைக்கவில்லை. வெள்ளை கிடைத்தது. மலைநாட்டுச் சேற்றுக்கு வெள்ளை சரிவராது என்று மனைவிக்கு இன்னும் வருத்தம்.

பணத்தில் ஒரு தடங்கல் வந்தது. 2025 ஜூலையில் மத்திய வங்கி, காருக்கு அதன் பெறுமதியில் 60 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்று வரம்பு போட்டது. மிச்சம் கையில் வேண்டும். லீசிங் எடுத்தோம். லீசிங்கில் எடுத்தால், கட்டி முடிக்கும்வரை பதிவுச் சான்றிதழில் முழு உரித்தாளராக லீசிங் கம்பனிதான் இருக்கும். முழுக் காப்புறுதியும் அவர்கள் கேட்பார்கள், ஆனால் எந்தக் காப்புறுதிக் கம்பனி என்பதை நாம் தெரிவு செய்யலாம். ஷோரூமில் நீட்டுகிற படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வரி இலக்கமும் கட்டாயம். கடைக்காக என்னிடம் முன்பே இருந்தது. இல்லாதவர்கள் அதை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுக்கிற நாள் எல்லோரும் பூமாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்பார்கள், படம் எடுக்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிட வேண்டும், அதுவும் வெயில் வெளிச்சத்தில். நான் முதலில் சேசி இலக்கத்தைக் கடிதத்தோடு ஒப்பிட்டேன். பிறகு டயர். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1025 என்றால் 2025இன் பத்தாவது வாரம் செய்த டயர். நான்கிலும் வாரம் கிட்டக் கிட்டத்தான் இருந்தது. ஸ்பெயார் டயரையும் வெளியே எடுக்கச் சொன்னேன். பையன் சிரித்தார், பரவாயில்லை. கதவுக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா என்று விரலை விட்டுப் பார்த்தேன். பின் பம்பர் மூலையில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அதைப் பாலிஷ் செய்து தந்த பிறகு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைத்தேன்.

கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் குடும்பத்தோடு ஏறியது. இரண்டாவது கியரில் கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் ஏறியது. டெஸ்ட் டிரைவ் கேட்கிறவர்கள் கண்டி ஏரியைச் சுற்றி வந்துவிட்டுத் திருப்தியாகாதீர்கள். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஷோரூம்காரர் தயங்குவார், விடாதீர்கள்.

பதிவை ஏஜென்டே செய்து தந்தார். அந்த நேரம் நாடு முழுக்க இலக்கத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. தகடு வரும்வரை பதிவுச் சான்றிதழின் பிரதியை டாஷ்போர்டிலேயே வைத்திருந்தேன். பொலிஸ் நிறுத்தினால் முதலில் அதைத்தான் நீட்டுவது.

இனி சர்வீஸ். ஏஜென்டின் சர்வீஸ் நிலையம் கண்டியில்தான். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் மலையிறங்கிப் போய்வர ஒரு நாள் கடையை மூட வேண்டும். ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த கராஜில் எண்ணெய் மாற்றினால் வாரண்டி போய்விடுமா என்று கேட்டேன். வாயால் "பிரச்சினையில்ல சேர்" என்றார்கள். எழுதித் தரச் சொன்னதும் பதில் மாறியது: வாரண்டிக் காலம் முடியும்வரை குறித்த சர்வீஸ் எல்லாம் தங்களிடமே செய்ய வேண்டுமாம். என்னுடையது மூன்று வருடம் அல்லது 100,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. ஆகவே கண்டியில் கடைக்குச் சாமான் எடுக்கிற நாளையும் சர்வீஸ் நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டேன். காலையில் வண்டியை விட்டுவிட்டு, பொருள் பார்த்து முடித்து, பின்னேரம் எடுத்துக்கொண்டு ஏறுகிறேன். சாமான் பின்னால் லொறியில் வரும்.