முதல் நெல் அறுப்புக்குத் தயாராகிறவர்களுக்கு

வயல் முழுக்கப் பொன்னிறமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பூத்து 30 நாள் ஆனதும் இறங்கி ஒரு கதிரைப் பறித்துப் பாருங்கள். நுனியிலிருந்து முக்கால் பங்குக்கு மேல் மஞ்சளாகி, அடியில் நாலைந்து மணி மட்டும் பச்சையாக இருந்தால் அறுக்கலாம். தள்ளிப்போட்டால் மணி உதிரும், அரைக்கும்போது நொய் கூடும்.

அறுப்புக்கு 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். சேறு இருந்தால் டயரில் ஓடும் அறுவடை இயந்திர வண்டி புதையும், செயின் வண்டிக்கு வாடகை அதிகம். பனி காயுமுன் வண்டியை இறக்கவே கூடாது. ஈரக்கதிரில் மணி பிரியாமல் வைக்கோலோடு போய்விடும். பின்னால் நடந்து ஒரு கை வைக்கோலை அள்ளி உதறுங்கள். நெல் கொட்டினால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், போவது நாலு மாத உழைப்பு.

பலரும் சறுக்குவது அதன் பிறகுதான். வண்டியிலிருந்து கொட்டும் நெல்லில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17. ஈரத்தோடு குவித்துத் தார்ப்பாய் மூடினால், விடியும்போது கையை உள்ளே விட்டாலே சூடு தெரியும், நெல் பழுப்பாகிவிடும். இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, அரை மணிக்கொருதரம் காலால் கிளறிவிடுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் கேட்கும் சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு) இரண்டையும் அறுப்புக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.